கேட்புக் கடமை

காலையில் கிடங்கைத் திறந்ததும் ஜெர்லின் முதலில் மூக்கைத்தான் நம்புவாள். குளிர்நாடுகளிலிருந்து வந்த கொள்கலன் என்றால் அந்துருண்டை வாசம். துறைமுக ஊர்களிலிருந்து வந்தது என்றால் பூஞ்சை வாசம். எங்கிருந்து வந்தாலும் அடியில் யாரோ உடுத்தி, துவைத்து, மறுபடி உடுத்திய ஒரு மணம் தங்கியிருக்கும். இரண்டு வாய் டீ குடித்துவிட்டுத் தடமானியை இயக்குவாள். இயந்திரக் கைகள் மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு துணியாக வெளிச்சத்தில் நீட்டும். நிறம் போன டி-ஷர்ட், எலாஸ்டிக் தொய்ந்த கால்சட்டை, யானை படம் போட்ட குழந்தை பனியன்.

ஒரு காலத்தில் திருப்பூரிலிருந்து உலகத்துக்குப் பனியன் போனது. இப்போது உலகத்திலிருந்து திருப்பூருக்குப் பழைய பனியன் வருகிறது. கைவழிச் சட்டம் வந்த பிறகு எல்லாத் துணி நிறுவனங்களும் இப்படி ஒரு மீள்கிடங்கு வைத்திருந்தன. விற்றதோடு பொறுப்பு முடிந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒரு சட்டை பஞ்சாக இருந்த நாளிலிருந்து அதன்மேல் பட்ட ஒவ்வொரு கையும் நிறுவனத்தின் பொறுப்பு. இடையில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள் இருந்தாலும் சரி, எவ்வளவு காலம் ஓடியிருந்தாலும் சரி.

அந்தக் கைகள் நூலுக்குள்ளேயே இருந்தன. பழைய நூற்பாலைகளில் ஓடும் இயந்திரத்தில் இழை அறுந்தால், பெண்கள் விரலை நாக்கில் தொட்டு நனைத்து அதை ஒட்டவைப்பார்கள். அந்த எச்சிலில் துளியூண்டு முறுக்குக்குள் போய் அடைந்துகொள்ளும். எத்தனை முறை துவைத்தாலும் முறுக்கின் நடுவில் இருப்பது முழுக்கப் போவதில்லை. அதற்கு இழைத்தடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பனியனில் இத்தனை பேர் என்று தடமானி சொல்லும். பெயர் சொல்லாது. பெயருக்கு ஆள் தேடிப் போவது ஜெர்லினின் வேலை. வெண்பருத்தி நிறுவனத்தின் பொறுப்பு அலுவலர் அவள்.

பெரும்பாலும் அவள்தான் தேடிப் போவாள். அன்று ஒரு பெண் தானாகவே தேடி வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கையில் தண்ணீர்ப் பாட்டில், தோளில் துணிப்பை. படியேறியதில் மூச்சு வாங்கியது.

"பழைய மில்லுல வேலை பாத்தவங்க வரலாம்னு உங்க கம்பெனி அறிவிப்பு கேட்டேம்மா. அதான் பஸ் ஏறி வந்துட்டேன். எம்பேரு பேச்சித்தாய். சங்கரன்கோயில் பக்கம்."

ஜெர்லின் அவரை உட்காரவைத்து எந்த மில் என்று கேட்டாள். திண்டுக்கல்லைத் தாண்டி இருந்த ஒரு நூற்பாலையைச் சொன்னார். வெண்பருத்திக்கு அங்கிருந்து நூல் வந்தது உண்மைதான். மில்லை மூடி வெகுகாலம் ஆயிற்று.

"அங்க வேலை பாத்தவங்க பட்டியல்ல பேச்சித்தாய்னு யாரும் இல்லையேம்மா."

"எப்படி இருக்கும்? அங்க நான் ரேவதில்லா."

ஜெர்லினுக்குப் புரிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகளை அழைத்துவந்த தரகர்கள், பதினெட்டு நிரம்பிய வேறு யாரோ ஒருத்தியின் அடையாள அட்டையைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். அட்டையில் என்ன பெயரோ அதுதான் மில்லில் பெயர். சொந்தப் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று விடுதி வார்டன் முதல் நாளே மிரட்டிவைப்பாள்.

"உங்களுக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கம்மா. மெதுவாச் சொல்லுங்க."

மேசையில் இருந்த பதிவுச்செவியின் பச்சை விளக்கு எரிந்தது. ஜெர்லின் வழக்கமான விஷயங்களை எதிர்பார்த்தாள். நைந்த விரல், பஞ்சு அடைத்த நுரையீரல், பூட்டிய கேட். பேச்சித்தாய் அவற்றையும் சொல்லத்தான் செய்தார். ஆனால் முதலில் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமைதான் டிவி போடுவாவ. படம் பாதியில நிக்கும்போது கரண்டு போயிரும். மீதிக் கதைய ஷாலினி சொல்லுவா. ஹீரோவக் கொன்னுபோடுவா, வில்லன் அம்மாவுக்குக் கல்யாணம் பண்ணிவைப்பா. இருட்டுல நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். பொறவு எப்பவாச்சும் அந்தப் படத்த முழுசாப் பாத்தா சப்புன்னு இருக்கும்மா. ஷாலினி சொன்னதுதான் படம்."

"ஷாலினி யாரு?"

"என் பக்கத்துல படுக்கிறவ. ஒரே மெசின்லதான் நிப்போம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ." பேச்சித்தாய் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "அந்த மில்ல நெனச்சா வயிறு எரியுது. அந்தப் பிள்ளைகள நெனச்சாச் சிரிப்பு வருது. ரெண்டும் ஒரே எடத்துல கெடக்கு. எனக்குப் பிரிக்கத் தெரியல."

இப்போது அவருக்கு வீட்டிலேயே வேலை. தொலைக்கை. கையுறையை மாட்டிக்கொண்டால் எங்கேயோ ஒரு கிடங்கில் இரும்புக் கை பெட்டி அடுக்கும். தூசி இல்லை, திட்டுவதற்கு ஆள் இல்லை, நினைத்தபோது ஓய்வு. "ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா பக்கத்துல யாரு அடுக்குதான்னு தெரியாதும்மா. பேச்சுக் குரல் கேக்காது" என்றார்.

பிறகு அந்த நாளைச் சொன்னார். வெளிநாட்டு வியாபாரிகள் சார்பில் மில்லைச் சோதனை செய்ய ஆட்கள் வந்த நாள். முந்தின நாளே பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வயது பதினெட்டு, சாப்பாடு நல்ல சாப்பாடு, விரும்பினால் வெளியே போகலாம். எல்லோரும் அதையே ஒப்பித்தார்கள். ஷாலினி மட்டும், "எங்களுக்குக் கேட்டத் தொறக்கிறதே இல்ல. வீட்டுக்குப் போன் பேசவும் விடறதில்ல" என்று சொன்னாள். கேள்வி கேட்ட அம்மாள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது ஒரு வேன் வந்தது. ஷாலினியைப் பாதித் தட்டில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்து ஆள் வந்தது, கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்றாள் வார்டன்.

"அவ உயிரோட இருக்காளான்னே எனக்குத் தெரியாது. நெசப் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. எங்க போய்த் தேட?" பேச்சித்தாய் முன்னால் சாய்ந்தார். "பாதிக்கப்பட்டவங்க என்ன கேட்டாலும் கம்பெனி செய்யணும்னு சட்டம் இருக்காமே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஷாலினியப் பாக்கணும்."

நிறுவனத்தின் தலைவர் கிருத்திக் இதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நாற்பது வயது. மில்லோடு வியாபாரம் வைத்திருந்தவர் அவருடைய தாத்தா.

"ஏனுங்க ஜெர்லின், வேற ஏதாச்சும் கேக்கச் சொல்லக் கூடாதுங்களா? வைத்தியம், வீடு, எதுவானாலும் செஞ்சர்லாம். பேரு தெரியாத ஆளை எங்க போய்ப் புடிக்கறது?"

"என்ன வேணும்னு அவங்கதான் சொல்லணும் சார். நாம சொல்லித்தர முடியாது."

"சரி, அந்தம்மா கெடைச்சா?"

"கெடைச்சா நீங்க நேர்ல வரணும். கேட்புக் கடமை."

சட்டத்தில் நிறுவனங்கள் மிகவும் வெறுத்த பகுதி அதுதான். தலைவர் தானே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். வக்கீலை அனுப்பக் கூடாது. திரையில் தோன்றக் கூடாது. பேசுகிறவரைக் குறுக்கிடக் கூடாது. அது முடியும்வரை புதுப் பருவத்துச் சரக்கு ஒன்றுகூட நிறுவனத்தின் வாசலைத் தாண்டாது. கிருத்திக் ஜன்னல் வழியே ஆளில்லாத நெசவுக்கூடத்தைப் பார்த்தார். "தேடுங்க" என்றார்.

வழி பேச்சித்தாயின் சொல்லிலேயே இருந்தது. ஒரே இயந்திரம், இரண்டு பக்கம். பேச்சித்தாயின் எச்சில் மாதிரியை எடுத்து, அந்தக் காலத்து நூலில் நெய்த துணிகளை எல்லாம் ஜெர்லின் தடமானியில் ஓட்டினாள். முதல் தடம் ஒரு பழைய இரவு உடையில் கிடைத்தது. பிறகு ஒரு படுக்கை விரிப்பில், பிறகு குழந்தை பனியன்களில். பேச்சித்தாயின் தடம் இருந்த இடங்களில் எல்லாம் இன்னொரு தடம் ஒட்டிக்கொண்டே வந்தது. ஒரு பருவத்துக்குப் பிறகு நெய்த துணிகளில் அந்த இன்னொருத்தியைக் காணவில்லை. பேச்சித்தாய் மட்டும் தொடர்ந்தார்.

எங்கோ ஒரு குழந்தை மேல் ஒட்டிக் கிடந்து, அதன் தம்பிக்கும் போய், கிழிந்து, கடல் தாண்டித் திரும்பிய துணிக்குள் அந்த இரண்டு பெண்களும் இவ்வளவு காலமும் அருகருகே இருந்திருக்கிறார்கள். ஜெர்லின் அன்று வெகுநேரம் அந்தப் பனியனைக் கையில் வைத்திருந்தாள்.

எல்லோருடைய உடல் மாதிரியும் இருந்த நலப் பதிவகத்தில் அந்த இன்னொரு தடத்தை ஒப்பிட்டதும் பதில் வந்தது. சந்தனமாரி. ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சிற்றூர். உயிரோடு இருக்கிறார்.

ஆனால் இதைப் பேச்சித்தாயிடம் சொல்ல ஜெர்லினுக்கு அனுமதி இல்லை. கண்டுபிடிக்கப்படுகிறவருக்கும் சட்டம் ஓர் உரிமை தந்திருந்தது, கண்டுபிடிக்கப்படாமல் இருக்கும் உரிமை. அந்த மில் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் மறைத்து வாழ்கிறவர்கள் உண்டு. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், தேடியவருக்கு 'தேடல் முடிந்தது' என்று ஒற்றை வாக்கியம்தான் சொல்லலாம். இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்றுகூடச் சொல்லக் கூடாது. அந்த வாக்கியத்தை ஜெர்லின் முன்பு சிலரிடம் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களின் முகம் அவளுக்கு மறக்கவில்லை.

நிறுவனத்தின் தானோடி வண்டியில் அவள் அந்த ஊருக்குப் போனாள். கடலைப் பார்த்த சிறிய வீடு. வாசலில் கடல்பாசி காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தவருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. வெயிலில் கறுத்த, நேராகப் பார்க்கும் முகம்.

"வெண்பருத்தி நிறுவனத்துல இருந்து வர்றேம்மா. முன்னால ஒரு மில்லுல நீங்க ஷாலினிங்கிற பேருல…"

முகம் அப்படியே மூடிக்கொண்டது. சந்தனமாரி அவளைத் தாண்டிச் சாலையில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அது யாரு வண்டி?"

"கம்பெனி வண்டிம்மா."

"மொதல்ல அதை எங்க ஊர விட்டு எடுங்க. ஷாலினின்னு இங்க யாரும் இல்ல."

கதவு சாத்தப்பட்டது. மறுபடி தட்டச் சட்டம் இடம் கொடுக்காது. ஜெர்லின் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். பேச்சித்தாயிடம் அந்த ஒற்றை வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாசிக் கூடையோடு சந்தனமாரி அந்த வழியாக வந்தார். கொஞ்ச தூரம் தாண்டிப் போனார். பிறகு நின்றார்.

"இன்னும் போகலையா?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேம்மா. வண்டிய அனுப்பிட்டேன்."

சந்தனமாரி கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். "கேட்டது யாரு? கம்பெனியா தேடுனீக, இல்ல யாரும் தேடச் சொன்னாகளா?"

தன் பெயரைச் சொல்லலாம் என்று பேச்சித்தாய் முன்பே அனுமதி கொடுத்திருந்தார். "ரேவதின்னு சொல்லச் சொன்னாங்கம்மா" என்றாள் ஜெர்லின்.

கூடை கீழே இறங்கியது.

"ரேவதியா? அவளுக்கு மூச்சு இழுக்குமே. பஞ்சு ஆகாதே அந்தப் பிள்ளைக்கு. நான் போன பிறகு யாரு பாத்துக்கிட்டாக அவள?"

"இப்பவும் கொஞ்சம் இழுக்குது. ஆனா நல்லா இருக்காங்க. நீங்க சொன்ன சினிமாக் கதையெல்லாம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க."

சந்தனமாரி பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெர்லின் பக்கத்தில் இருந்தாள். பேருந்து வந்து, நின்று, போனது.

"நான் எங்கயும் வரமாட்டேன்" என்றார் கடைசியில். "அவள இங்க வரச் சொல்லுங்க. பஸ்ஸுல வரச் சொல்லுங்க."

"சட்டப்படி எங்க தலைவரும் வரணும்மா."

"வரட்டும். அவரும் பஸ்ஸுலயே வரட்டும். வெளிய இருக்கட்டும். நான் கூப்பிட்டா உள்ள வந்தாப் போதும்."

பேச்சித்தாயும் கிருத்திக்கும் ஜெர்லினும் ஒரே பேருந்தில்தான் போய் இறங்கினார்கள். கிருத்திக் பேருந்தில் ஏறிப் பல வருடங்கள் ஆகியிருந்தது. கம்பியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினார். பேச்சித்தாய் இறங்கியதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

சந்தனமாரி வாசலில் நின்றிருந்தார்.

"ஏட்டி" என்றார் பேச்சித்தாய்.

"என்னடி, தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கு?" என்றார் சந்தனமாரி.

பேச்சித்தாய் சிரிக்கத் தொடங்கி, அழுது, மறுபடி சிரித்தார். இருவரும் உள்ளே போனார்கள். கிருத்திக் வெளியே உடைமர நிழலில் நின்றார். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன. இடையில் ஒருமுறை, "உன் நெசப் பேரு என்னட்டி?" என்ற குரல் கேட்டது. பதில் கேட்டதும், "சந்தனமாரியா? நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வாயில வராதே" என்ற குரல். "வர வேண்டாம். ஷாலினின்னே கூப்பிடு. அந்தப் பேர்ல என்னையக் கூப்பிட இப்ப நீ ஒருத்திதான் இருக்க."

வெயில் சாய்ந்த பிறகுதான் கிருத்திக்கை அழைத்தார்கள். ஜெர்லின் பதிவுச்செவியைத் தரையில் வைத்தாள். கிருத்திக் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சந்தனமாரி நேராகச் சொன்னார். வேன் அவரை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வேறு மாநிலத்தில் பாஷை தெரியாத இன்னொரு மில்லில் இறக்கிவிட்டது. மகளைத் தேடி அப்பா திண்டுக்கல்லுக்குப் போனபோது, உங்கள் பெண் ஒரு பையனோடு ஓடிவிட்டாள் என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பினார்கள். சந்தனமாரி தப்பித்து ஊர் வந்து சேர்ந்தபோது அப்பா உயிரோடு இல்லை. ஊரில் அவருக்கு 'ஓடிப்போனவ' என்ற பெயர் நிலைத்திருந்தது.

"அதுக்குப் பிறகு நான் எதையும் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒரு தடவ நெசத்தச் சொன்னேன், அதுக்கு இது. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. அவரும் போயிட்டாரு."

கிருத்திக் வாயைத் திறந்தார். ஜெர்லின் அவரைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"எழுதிட்டுப் போனாகளே ஒரு அம்மா. அவுக எழுதுனது யாருக்காச்சும் போச்சா?"

இது கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்லலாம். கிருத்திக் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போச்சுங்க. எங்க தாத்தா ஆபீசுக்கே வந்துச்சு. படிச்சிருக்காங்க. மில்லுக்காரங்ககிட்ட விசாரிச்சாங்க, அவங்க அப்பிடியெல்லாம் இல்லைன்னாங்க. அதோட விட்டுட்டாங்க. நூலு நிக்காம வந்துச்சு."

பிறகு பாயிலிருந்து கண்ணை உயர்த்தினார்.

"ஊருல வந்து நான் சொல்றேனுங்க" என்றார் கிருத்திக். "நீங்க ஓடிப்போகலைன்னு. எல்லாரையும் கூட்டி, மைக் வெச்சுச் சொல்றேன்."

சந்தனமாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "யாருகிட்டய்யா சொல்லப் போறீக? அதச் சொன்னவுக, நம்புனவுக எல்லாம் போய்ச் சேந்துட்டாக. இப்ப இருக்கிற பிள்ளைகளுக்கு அப்பிடி ஒரு பேச்சு இருந்ததே தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

பிறகு அவர் ஒருவரும் எதிர்பார்க்காத ஒன்றைத் தொடங்கினார். விடுதி மொட்டைமாடித் தொட்டியில் துணி துவைத்ததை, ஊறுகாய்ப் பாட்டிலை வார்டனுக்குத் தெரியாமல் தலையணைக்குள் வைத்ததை, இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் உதட்டசைவிலேயே சண்டை போட்டதைச் சொன்னார். விட்ட இடத்தைப் பேச்சித்தாய் எடுத்துக்கொண்டார். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குக் கதை போய்ப் போய் வந்தது. வார்டன் நடப்பது போலச் சந்தனமாரி எழுந்து நடந்து காட்டியபோது கிருத்திக் தன்னை மீறிச் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு அவருடைய கண்கள் கலங்கின.

"நல்லாச் சிரிங்க" என்றார் சந்தனமாரி. "இதையும் கேட்டுக்கங்க. நாங்க அழுதுகிட்டே கெடந்த பிள்ளைக இல்ல. அந்தப் பூட்டுக்குள்ளயும் நாங்க ஒருத்திக்கு ஒருத்தி இருந்தோம். அந்த வேன்ல என்னைய ஏத்துனப்ப நீங்க எடுத்தது அதத்தான். வேலை போனா வேற வேலை கெடைச்சிருச்சு, இது கெடைக்கல."

ஜெர்லினின் அலுவலகத்தில் இழப்புகளை வகைபிரிக்கத் தலைப்புகள் இருந்தன. உடல், ஊதியம், கல்வி, நடமாட்டம். இதற்குத் தலைப்பு இல்லை. சந்தனமாரி சொன்னதை அவள் அப்படியே பதிந்துகொண்டாள்.

"நாங்க என்னங்க செய்யணும்?" என்று கேட்டார் கிருத்திக்.

"அன்னைக்குக் கேட்டுட்டுப் போனவுக திரும்பி வரல. நீங்க திரும்பி வாங்க. அடுத்த மாசம் வாங்க, அதுக்கு அடுத்த மாசமும் வாங்க. இப்ப உங்க துணிக்கு நூலு செய்யப் பாசி எடுத்துத் தர்ற பொம்பளைக இந்தக் கரை பூராம் இருக்காக. அவுககிட்டயும் உக்காந்து கேளுங்க. யாரும் வேன்ல ஏத்துறதுக்கு முன்னாடியே கேளுங்க."

சட்டம் ஒரு முறை கேட்டால் போதும் என்றது. மறுநாளே சரக்குக்கு வாசல் திறந்துவிட்டது. கிருத்திக் இனி வரமாட்டார் என்றுதான் ஜெர்லின் நினைத்தாள். ஆனால் மாதம் பிறந்ததும் அவர் அவளைக் கூப்பிட்டு, "அந்த ஊருக்கு பஸ் எப்பங்க?" என்று கேட்டார்.

அவர்கள் போனபோது வீடு திறந்து கிடந்தது. கடலில் ஓதம் வற்றியிருந்தது. முழங்கால் ஆழத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் சந்தனமாரி இருந்தார். பக்கத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாசியையும் கல்லையும் சேர்த்துக் கூடையில் போட்டபடி பேச்சித்தாய். கையுறைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு இங்கேயே தங்கிவிட்டதாகக் கரையில் நின்ற ஒருத்தி சொன்னாள். உப்புக் காற்றில் இழுப்பு குறைந்திருக்கிறதாம்.

கிருத்திக் கையை உயர்த்தினார். சந்தனமாரி பார்த்தார். இருங்கள் என்பது போல உள்ளங்கையைக் காட்டிவிட்டுப் பேச்சித்தாய் பக்கம் திரும்பி, விட்ட பேச்சைத் தொடர்ந்தார்.

கிருத்திக் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். சிரிப்புச் சத்தம் காற்றில் வந்தது. என்ன கதை என்று மட்டும் கேட்கவில்லை.

"ரொம்ப நேரம் ஆகுமுங்களா ஜெர்லின்?"

"தெரியல சார்" என்றாள் அவள், பக்கத்தில் உட்கார்ந்தபடி. "அவங்க பேசி முடிக்கட்டும்."